‘ஃபியர்லெஸ்’ பாட்டின் முடிவில் அந்தக் கூட்டம் எதற்குப் பாடுகிறது?

கேள்வி: குனியமுத்தூர்க் குதிரை

எல்லோருக்கும் வணக்கமுங்க. பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைக் கேட்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். 1971-இல் வந்த ‘மெடில்’ ஆல்பத்தில் மூன்றாவதாக ‘ஃபியர்லெஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லோரும் இரண்டாம் பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் 23 நிமிட ‘எக்கோஸ்’ பற்றித்தான் பேசுகிறார்கள், மிஞ்சிப்போனால் முதல் பாட்டின் பேஸ் கிட்டார். நடுவில் இருக்கும் இந்த ஆறு நிமிடப் பாட்டை யாரும் சீந்துவதில்லை. நானும் பல வருடம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

போன மார்ச் மாதம் வெள்ளியங்கிரி ஏறினேன். ராத்திரி பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு நாலு பேராகக் கிளம்பினோம். முதல் மலைப் படிக்கட்டிலேயே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மச்சான் திரும்பிப் பார்த்து, “நீங்க இங்கயே வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு கீழ போயிருங்க மாமா, மேல ஏற முடியாது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள், நான் கைதட்டிச் சுனை பக்கம் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டினேன். வரிசை மாற்றிப் போட்டிருந்ததால் தானாக வந்தது இந்தப் பாட்டு.

வரிகளை அப்படியே போடவில்லை, சாரத்தைச் சொல்கிறேன். ஒருவன் ஏளனமாகச் சொல்கிறான், குன்று ரொம்பச் செங்குத்து, நீ ஏறுவதை நானும் பார்க்கிறேன் என்று. இவன் கோபப்படவில்லை. இடத்தை நீ சொல், நேரத்தை நான் சொல்கிறேன், என் வழியில் ஏறுவேன், அதற்கான நாள் வரட்டும் என்கிறான். மரங்களுக்கும் மேகத்துக்கும் மேலே போனபிறகு கீழே பார்த்தால், நீ இன்றைக்குச் சொன்னதெல்லாம் சத்தமாகக் காதில் விழுகிறது என்று முதல் சரணம் முடிகிறது. நடு ராத்திரி மூன்றாவது மலையில் அதைக் கேட்டபோது, எனக்காகவே எழுதினதுபோல இருந்தது. ஏறி முடித்தேன், விடிகாலையில் கடைசி மலையான சாமி மலையில் மச்சானுக்குப் பக்கத்திலேயே நின்று கும்பிட்டேன், அது வேறு கதை.

என் குழப்பம் இரண்டாவது சரணத்தில். குன்று காணாமல் போய்விடுகிறது. ஒரு முட்டாள் பயமே இல்லாமல் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், ஒரு மாஜிஸ்ட்ரேட் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புகிறார், கிரீடம் வைத்த மடையன் யார் என்று ஒரு கேள்வி. இவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? அதைவிடப் பெரிய குழப்பம் முடிவு. பாட்டு அடங்கும்போது கால்பந்து மைதானத்துக் கூட்டம் ஒன்று உரக்கப் பாடுகிறது. லிவர்பூல் ரசிகர்கள் என்று தெரியும், என்ன பாட்டு என்றும் தெரியும், ஆனால் ஏன் இங்கே? இதுவரைக்கும் ஏளனம் செய்த கூட்டம்தான் கடைசியிலும் வருகிறது, அதாவது இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது என் ஊகம். தப்பென்றால் திருத்துங்கள்.

————

காங்கேயம் காளை

சிவன்மலை கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறதல்லவா, பக்தர் கனவில் சாமி வந்து சொன்ன பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். துப்பாக்கி வைத்தாலும் சரி, தண்ணீர் வைத்தாலும் சரி, ஒரு படி நெல் வைத்தாலும் சரி, அடுத்த ஆறு மாதத்தில் உலகத்தில் நடக்கிற ஏதாவது ஒன்றோடு அது பொருந்திவிடும். ராக் பாட்டுக்கு உள்ளர்த்தம் தேடுவதும் அதே வேலைதான். நாலு இளைஞர்கள் ஸ்டுடியோவில் இருந்தார்கள், மைதானத்துச் சத்தம் நன்றாக இருந்தது, ஒட்டிவிட்டார்கள். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு நாய் ஊளையிடுகிறது, அதற்கும் அர்த்தம் சொல்வீர்களா?

தலைப்பைப் பார்த்து வீரம், தைரியம் என்று கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த நாளில் அவர்கள் வட்டத்தில் ‘ஃபியர்லெஸ்’ என்பது நாம் ‘செம’ என்கிற மாதிரி எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை என்று டிரம்மர் நிக் மேசனே எழுதியிருக்கிறார். ஆகவே இந்தப் பாட்டின் பெயர் ‘செம’. முடிந்தது.

————

ஆழியாறு ஆறு கம்பி

காளை அண்ணன் சொல்கிற மேசன் விஷயம் சரிதான். ஆனால் பெயர் விளையாட்டாக வந்தது என்பதற்காகப் பாட்டும் விளையாட்டு என்று ஆகாது. நம் ஊரில் சின்னப்பாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு எண்பது வயதில் பஞ்சாயத்து பேசுகிறவர் இல்லையா.

நான் பொள்ளாச்சியில் பசங்களுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறவன், எனக்கு வரிகளை விட விரல்தான் முதலில் பேசும். இந்தப் பாட்டு ஓபன் ஜி சுருதியில் வாசிக்கப்படுகிறது. கிட்டாரின் தடித்த இரண்டு கம்பிகளையும் மெல்லிய கடைசிக் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்திவிட்டால், இடது கையே வைக்காமல் மேலிருந்து கீழே வருடினாலும் ஜி மேஜர் கார்டு கேட்கும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதை மாற்றிக் கொடுத்தால் சந்தோஷத்தில் ஒரு மணிநேரம் சும்மா வருடிக்கொண்டே இருப்பார்கள், கம்பியை மறுபடி பழைய சுருதிக்கு ஏற்றும்போது ஒன்று அறுந்து போகும், அது என் செலவு. அந்தச் சுருதியில் எதை வாசித்தாலும் ஒரு நிம்மதி வந்துவிடும், அழுத்தமும் அவசரமும் இருக்காது. பாட்டும் நடை வேகத்தில்தான் போகிறது. குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் சவால் விடுகிற வரிகளைக்கூடத் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல மெதுவாகப் பாடுகிறார்.

இப்போது முக்கியமானது. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார்த் துண்டு கீழிருந்து மேலே படி படியாக ஏறும். ஏறி நின்று, மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறும். முதல் சரணத்துக்கு அது பொருத்தம், குன்று ஏறுகிறான், கிட்டாரும் ஏறுகிறது. ஆனால் குதிரை கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் ‘ஏறுவேன்’ என்ற இடத்தில் ‘இறங்கிப் போ, உன் வழியில்’ என்று வருகிறது. வரி இறங்கச் சொல்கிறது, கிட்டார் அப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இசையில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. அங்கேதான் எனக்கு இந்தப் பாட்டு பிடிபட்டது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே இசைதான் என்றால் குன்று என்பது வெளியே இருக்கும் குன்று இல்லை.

இன்னும் பாருங்கள். முதலில் ‘நான்’, இரண்டாவதில் ‘நீ’. முதலில் சரியான நாளுக்காகக் காத்திரு, இரண்டாவதில் எல்லா நாளும் சரியான நாள்தான். முதலில் மரங்களின் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான், இரண்டாவதில் சுளித்த முகத்திலிருக்கும் பயக் கோடுகளைத் தாண்டுகிறான், ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஓசை. ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரி வைத்து எழுதியிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் சும்மா இருந்தவர்கள் இவ்வளவு கணக்காக எழுதமாட்டார்கள்.

————

பழைய கேசட்

நான் ஈரோடு. வயது ஐம்பத்தெட்டு. இந்தப் பாட்டைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் ஆல்பம் வாங்குவது என்பது கிடையாது. கோவையில் ஒரு கடை இருந்தது, பெயர் வேண்டாம். தொண்ணூறு நிமிட கேசட்டை வாங்கிக் கொடுத்து என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிவு செய்து தருவார்கள். நான் சனிக்கிழமை ஷிப்ட் முடித்து ஈரோட்டிலிருந்து ரயிலேறிப் போய் எழுதிக் கொடுத்த முதல் இங்கிலீஷ் ஆல்பம் ‘மெடில்’தான். அட்டையில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது, கடையில் இருந்தது ஜெராக்ஸ் படம். தண்ணீருக்குள் இருக்கும் காது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரைக்கும் ஏதோ சேற்றில் கால் வைத்த தடம் என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கேசட்டில் ‘ஃபியர்லெஸ்’ கிட்டாரோடு முடிந்துவிடும். கூட்டம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே கேட்டேன். அப்புறம் சிடி வாங்கிப் போட்ட அன்றைக்கு, பாட்டு முடிகிற இடத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கான தொண்டைகள். பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன், சத்தம் போகவில்லை. அடுத்த தடவை கோவை போனபோது கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசராமல் சொன்னார்: “ஆமாங்க தம்பி, கடைசியில ஏதோ மேட்ச் சத்தம் கலந்திருந்துச்சு. ரெக்கார்டு பழுதுன்னு நான்தான் வால்யூமைக் குறைச்சுட்டேன். சுத்தமாத்தான குடுத்தேன்?” அவர் மேல் கோபமே வரவில்லை. அவருக்கு அது பழுதாகக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கூட்டம் இல்லாத பாட்டும் எனக்குத் தெரியும், கூட்டம் இருக்கிற பாட்டும் தெரியும். இரண்டும் வேறு வேறு பாட்டு. கூட்டம் இல்லாமல் கேட்டபோது அது ஜெயித்தவன் பாட்டு, நடையில் ஒரு திமிர் இருக்கும். கூட்டத்தோடு கேட்டபோது அவன் ஜெயித்தானா என்றே சந்தேகமாகிவிட்டது.

முட்டாள் யார் என்பதற்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது சிட் பாரெட். குழுவை ஆரம்பித்து முதல் பாட்டுகளை எழுதியவர், மனம் நிலைகொள்ளாமல் 1968-இல் வெளியேற வேண்டி வந்தது. மேடையில் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றவர் அவர், அதனால் அவர்தான் இது என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பிங்க் ஃபிளாய்ட் எதைப் பாடினாலும் சிட்டைப் பற்றித்தான் என்பது ஒரு நோய். 1975-இல் அவரைப் பற்றி வெளிப்படையாகவே பாடிவிட்டார்கள், அதை வைத்துக்கொண்டு பின்னால் போய் எல்லாவற்றிலும் அவர் முகத்தைத் தேடுகிறோம்.

எனக்குப் படுவது வேறு. இதை கில்மோரோடு சேர்ந்து எழுதிய ரோஜர் வாட்டர்ஸுக்குக் கூட்டம் என்றால் ஒரு பயமும் ஒரு வெறுப்பும் கடைசிவரை இருந்தது. 1977-இல் மாண்ட்ரியல் நிகழ்ச்சியில் முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் எச்சில் துப்பிவிட்டு, அந்த வெட்கத்திலிருந்து எழுதியதுதான் 1979-இன் ‘தி வால்’ ஆல்பம். அதன் முடிவில் ஒரு நீதிபதி வருகிறார், ஒரு விசாரணை நடக்கிறது, குற்றவாளி கூட்டத்தின் முன்னால் நிற்கிறான். எட்டு வருடத்துக்கு முன்னாலேயே இங்கே அந்த மூவரும் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள், கூட்டம், முட்டாள், மாஜிஸ்ட்ரேட். விதை நெல்லைப் பார்த்த மாதிரி இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே முட்டாள் சிரிக்கிறான். ‘தி வால்’ ஆள் சிரிக்கவில்லை.

அதே 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேய் இடிபாடுகளுக்குப் போய், ஒரு ரசிகர்கூட இல்லாத பழைய அரங்கத்தில் வாசித்துப் படம் எடுத்தார்கள். ஆல்பத்தில் மைதானம் நிறைந்த கூட்டம், படத்தில் காலி அரங்கம்.

————

காங்கேயம் காளை

அண்ணா, கேசட் கடைக்காரர்தான் இந்தத் திரியில் இதுவரை உண்மையைச் சொன்ன ஒரே ஆள். மேட்ச் சத்தம் கலந்திருந்தது, குறைத்தார். நாய்க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

————

பின்னலாடைப் பந்து

நாய் வெறும் நாய்தான், காளையாரே, அதைக் கட்டிப்போட்டுவிட்டு இங்கே வாருங்கள். திருப்பூரில் இருந்துகொண்டு லிவர்பூல் மேட்சுக்காக ராத்திரி கண் விழிக்கிறவன் நான், காலையில் கம்பெனிக்கு லேட்டாகப் போய்த் திட்டும் வாங்குகிறவன். இசைக் கணக்கு தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தெரியும்.

அது எல்லா ரசிகர்களும் இல்லை. ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவான திட்டுக்குக் ‘கோப்’ என்று பெயர். அப்போதெல்லாம் நாற்காலி கிடையாது, தேர் நாளில் அவிநாசியில் நிற்கிறதுபோல நெருக்கியடித்துக்கொண்டு சுமார் 28 ஆயிரம் பேர் நின்றே பார்ப்பார்கள். பாட்டில் கேட்பது அவர்களுடைய குரல். இப்போது கேளுங்கள், ‘கோப்’ என்றால் என்ன? தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான போயர்கள் பேசும் மொழியில் குன்று என்று அர்த்தம். ‘ஸ்பியான் கோப்’ என்று ஒரு குன்று, வேவுக்குன்று என்று சொல்லலாம். 1900 ஜனவரியில் போயர் போரில் பிரிட்டிஷ் படை ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் குன்றை ஏறிப் பிடித்தது. விடிந்து பனி விலகிப் பார்த்தால் சுற்றிலும் இன்னும் நல்ல இடங்களில் போயர்கள் துப்பாக்கியோடு இருக்கிறார்கள், பாறைத் தரையில் பள்ளம்கூட ஆழமாகத் தோண்ட முடியவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், கடைசியில் இறங்கி வந்தார்கள். செத்தவர்களில் பலர் லங்காஷயர் படைப்பிரிவுகளில் இருந்த லிவர்பூல் பக்கத்துப் பையன்கள். 1906-இல் கட்டிய அந்தத் திட்டுக்கு அவர்கள் நினைவாகத்தான் அந்தப் பெயர் வந்தது.

ஆக, குன்று ஏறுவதைப் பற்றிய பாட்டு ஒரு குன்றின் பெயர் கொண்ட கூட்டத்தின் குரலில் முடிகிறது. அதுவும் ஏறிப் பிடித்தும் பிரயோசனமில்லாமல் இறங்கி வந்த குன்று. ஆழியாறு அண்ணன் சொன்ன ‘இறங்கிப் போ’ இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை நினைத்துத்தான் அவர்கள் ஒட்டினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்த வாதத்துக்கே வரவில்லை. அந்தக் குன்றிலிருந்து அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் காந்தியும் ஒருவர், நட்டால் இந்தியர்களின் ஆம்புலன்ஸ் படையில். அந்தப் படையில் பாதிக்கு மேல் ஒப்பந்தக் கூலிகள், நட்டாலுக்கு அப்படிக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் எத்தனையோ பேர். இது பாட்டுக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குதிரை சொன்ன மாதிரி அது ஏளனக் கூட்டம் இல்லை. அவர்கள் பாடுவது ‘நீ ஒருநாளும் தனியாக நடக்கமாட்டாய்’ என்கிற பாட்டு. 1945-இல் ‘கரோசல்’ என்ற அமெரிக்க இசை நாடகத்துக்காக எழுதியது. நாடகத்தில் புருஷன் செத்துக் கிடக்க அவன் மனைவியைத் தேற்றப் பாடுவார்கள். 1963-இல் லிவர்பூல் பையன்களான ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் அதைப் பாட, கோப் அப்படியே பிடித்துக்கொண்டது. ஏளனம் செய்ய அதைப் பாடமாட்டார்கள். தோற்கும்போது இன்னும் உரக்கப் பாடுவார்கள்.

இன்னொரு சங்கதி. வாட்டர்ஸ் லிவர்பூல்காரர் இல்லை, லண்டன் அணியான ஆர்சனலின் ரசிகர். 1971 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனல் கூடுதல் நேரத்தில் லிவர்பூலை 2–1 என்று அடித்தது. அந்த வருடம் லீக் சாம்பியன் பட்டமும் ஆர்சனலுக்குத்தான். ஆல்பம் பதிவானதும் அதே வருடம். தன் அணி இரண்டு கோப்பையையும் தூக்கிய வருடத்தில், தோற்ற அணியின் கூட்டத்தைக் கொண்டுவந்து தன் பாட்டின் தலைமாட்டில் நிற்க வைத்திருக்கிறார். நான் ஆர்சனல்காரனாக இருந்தால் செய்திருக்கமாட்டேன். கபடியில் எதிர் ஊர்க்காரன் கோஷத்தை நம் ஊர்த் திருவிழா மைக்கில் போடுகிற மாதிரி.

————

சோமனூர் அம்மிணி

எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள், மூட்டு வலிக்காத வயசு போல.

தறிக்குடோனில் வளர்ந்தவள் நான். இருபது தறி ஓடும்போது உள்ளே நின்றால் அது சத்தம், வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேச்சு புரியும். கொஞ்ச தூரம் தள்ளி ரோட்டிலிருந்து கேட்டால் அது தாளம். இன்னும் தள்ளிப் போனால் ஊர் முழுக்க ஒரே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், கரண்டு போனால்தான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரியும். அந்தக் கூட்டத்தின் குரலை நான் அப்படித்தான் கேட்கிறேன். அதில் போட்டிருக்கும் எதிரொலியைக் கவனியுங்கள். அவ்வளவு எதிரொலியோடு கேட்டால் கூட்டத்துக்கு நடுவில் நாம் இல்லை, ரொம்ப உயரத்திலோ ரொம்பத் தூரத்திலோ இருக்கிறோம்.

குதிரை எழுதினாரே, முதல் சரணம் முடியும்போது அவன் கீழே பார்க்கிறான், நீ சொன்னது கேட்கிறது என்று. இரண்டாவது சரணத்தின் முடிவை யாரும் எழுதவில்லை. அங்கேயும் கீழே பார்க்கிறான், ஆனால் இந்தத் தடவை கேட்பது கூட்டத்தில் இருக்கும் முகங்களின் சத்தம். முகங்கள் சொல்வது என்ன என்று கிடையாது, முகங்களின் சத்தம். அதுக்கப்புறம் வார்த்தையே இல்லை, கிட்டார் மட்டும் ரொம்ப நேரம் நடக்கிறது, கடைசியில் கூட்டம் வருகிறது. அது தனியாக ஒட்டிய துண்டு இல்லை, முடியாமல் நின்ற அந்த வாக்கியத்தின் மிச்சம்தான். அவன் எதைக் கேட்டானோ அதை நம் காதில் போடுகிறார்கள். மேலே இருப்பது இப்போது நாம்.

ஏளனமா ஆறுதலா என்று நீங்கள் அடித்துக்கொள்வது கீழே இருக்கிறவர்களின் சண்டை. அவ்வளவு உயரத்தில் இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். முதல் சரணத்தில் அவனுக்குச் சொன்ன வார்த்தைகள் தனித்தனியாகக் கேட்டன, அதாவது இன்னும் வலித்தது. இரண்டாவதில் வார்த்தை போய்விட்டது, வெறும் சத்தம், வலிக்கவில்லை. அதனால்தான் அவன் சிரிக்கிறான், அதனால்தான் அவனை முட்டாள் என்கிறார்கள். கேலி உறைக்காதவனுக்கு நம் ஊரில் வேறென்ன பெயர்?

பந்து தம்பி சொன்ன கோப் விஷயம் இதோடு இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சரிவான திட்டு என்றால் கூட்டம்தான் உயரத்தில் நிற்கிறது, ஆடுகிறவன் கீழே. அப்போது யார் யாரைக் கீழே பார்க்கிறார்கள்? கிரீடம் வைத்த மடையன் யார் என்ற கேள்வியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாமலே இருக்கட்டும், பாவு ஓட்டும்போது கேட்கத் தோதாக இருக்கிறது.

————

பழைய கேசட்

அம்மிணி சொன்ன “முடியாமல் நின்ற வாக்கியத்தின் மிச்சம்” என்பதைப் படித்துவிட்டு அந்தக் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். மனிதர் பன்னிரண்டு வருடம் எனக்கு அரை வாக்கியத்தை விற்றிருக்கிறார்.

ஒரு தகவல் மட்டும். இந்தப் பாட்டை நேரில் கேட்க இந்தக் காலத்தில்தான் கொஞ்சம் வழி பிறந்தது. மேசன் 2018-இல் தன் தனிக் குழுவோடு கிளம்பி இந்த மாதிரிப் பழைய பாட்டுகளை வாசித்தார், ‘ஃபியர்லெஸ்’ அதில் உண்டு. அந்த நேரடிப் பதிவு 2020-இல் வந்தது. அதிலும் எனக்குப் பிடித்தது டிரம்ஸ்தான், அவசரமே படாது.

————

ஆழியாறு ஆறு கம்பி

அம்மிணி அக்கா கேட்டதற்கு ஒரு யோசனை. பாட்டு ‘நான்’ என்று ஆரம்பித்து ‘நீ’ என்று முடிகிறது. முதலில் ஏளனம் செய்தவனும் ‘நீ’தான். அதாவது மேலே போனவன், கீழே நின்று கிண்டல் செய்தவனைப் பார்த்தே நீயும் உன் வழியில் இறங்கு, பயப்படாதே என்று சொல்கிறான் என்றால்? அப்போது முட்டாளும் மாஜிஸ்ட்ரேட்டும் ஏறினவனும் ஏளனம் செய்தவனும் ஒரே ஆள் இடம் மாறி நிற்கிறார்கள். கிரீடம் தலை மாறிக்கொண்டே இருக்கும். எனக்கே இது கொஞ்சம் இழுவையாகப் படுகிறது, காளை அண்ணன் பெட்டியைத் திறப்பதற்குள் போய்விடுகிறேன், ஆறு மணிக்கு கிளாஸ் இருக்கிறது.

————

குனியமுத்தூர்க் குதிரை

எல்லோருக்கும் நன்றி சொல்லி முடியாது. மூன்று நாளாக வேலை நேரத்தில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் ஊகம் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன், அது ஏளனம் இல்லை. ஆனால் பந்து சொல்கிற மாதிரி முழு ஆறுதலும் இல்லை. அம்மிணி அக்கா எழுதியதைப் படித்தபிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது, கேள்வியில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். ஏறினதை மட்டும் எழுதியிருக்கிறேன் பாருங்கள். அன்றைக்கு இறங்கும்போதுதான் எனக்கு உயிர் போனது. வெள்ளியங்கிரி போனவர்களுக்குத் தெரியும், ஏறும்போது நெஞ்சு மட்டும்தான் வாங்கும், இறங்கும்போது தொடை இரண்டும் தந்தி அடிக்கும், தடி இல்லாமல் ஒரு படி வைக்க முடியாது. வழுக்குப்பாறையில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அங்கே என்னைவிட மோசமாக ஒருவன் இரண்டு கையாலும் தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மச்சான். ஏறும்போது ஓடினவனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து ஏறிவந்த கூட்டம் ஒன்று எங்களைத் தாண்டும்போது “அப்படித்தானுங்க, மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று சொல்லிக்கொண்டே போனது. அதில் கிண்டல் எவ்வளவு, கரிசனம் எவ்வளவு என்று அன்றைக்கும் தெரியவில்லை. நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது.

நேற்று அவனுக்கு இந்தப் பாட்டை அனுப்பினேன். இன்று காலையில் பதில் வந்தது: “பாட்டு நல்லாருக்கு மாமா. கடைசியில ஏதோ மேட்ச் சத்தம் கலந்திருக்குது, வேற ஃபைல் இருந்தா அனுப்புங்க.”

————

காங்கேயம் காளை

மச்சானை இந்தத் திரிக்கு வரச் சொல்லுங்கள். எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும்.